காதுகுத்துக்கு வந்த வருமான வரி நோட்டீஸ்

இந்திய வருமான வரிச் சட்டம், 1922. பிரிவு 4, உட்பிரிவு 3, ஏழாவது கூறு. வியாபாரத்தாலோ தொழிலாலோ வராத, தற்செயலான, திரும்பத் திரும்ப வராத வரவு ஒருவருடைய மொத்த வருமானத்தில் சேராது.

எங்கள் விஷயத்தில் பொருந்தியிருக்க வேண்டியது இதுதான். சட்டம் எங்கள் பக்கம் இருந்தது என்று இன்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. அன்று அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல், ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சோறு இறங்காமல் இருந்தேன். சட்டம் தெரியாதவனுக்கு மொத்தமாக ஒரு பயம்தான். நானோ பிரிவு பிரிவாகப் பயந்தேன்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1948இல் சமஸ்தானம் இணைந்தபோது மேஜை, நாற்காலி, பீரோக்களோடு சேர்த்துச் சென்னை சர்க்காரிடம் ஒப்படைக்கப்பட்டவன் நான். புதிய சர்க்காரோடு புதிய விதிப் புத்தகங்களும் வந்தன. தாலுகா ஆபீசில் மற்ற குமாஸ்தாக்கள் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நான் படித்துத் தொலைத்தேன். சர்க்கார் ஊழியர் எவரும் முன் அனுமதி இல்லாமல் வியாபாரமோ தொழிலோ நடத்தக் கூடாது என்பது அதில் ஒன்று. மீறினால் வேலை போகும். வேலை போனால் பென்ஷனும் கூடவே போகும். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். என் சம்பளத்தைத் தவிர வேறு வரும்படி கிடையாது.

வீடு மட்டும் பெரியது. திருக்கோகர்ணத்தில், கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், அப்பா கட்டியது. ஏழெட்டுப் பிள்ளைகளை எதிர்பார்த்துக் கட்டினார். பிறந்தது நான் ஒருவன். முன்கட்டில் இரண்டு அறையும் ஒரு கூடமும் கிணற்றடியும் சும்மா கிடந்தன. கோயிலில் கல்யாணம் வைத்துக்கொள்வதாக வேண்டிக்கொண்ட வெளியூர்க்காரர்கள் முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலமே வந்து இறங்குவார்கள். பெண்ணுக்குப் புடவை கட்டிவிட ஓர் அறை வேண்டும். அடுப்பு மூட்ட இடம் வேண்டும். வயதானவர்கள் காலை நீட்டிப் படுக்க வேண்டும். ஒரு தடவை திடீரென்று மழை பிடித்துக்கொண்டபோது, மரத்தடியில் நனைந்துகொண்டிருந்த பெண்வீட்டாரை என் மனைவி உள்ளே கூப்பிட்டாள். அவர்கள் தங்கள் ஊரில் போய்ச் சொன்னார்கள். அதன் பிறகு வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் முன்கட்டு எங்களுடையது அல்ல.

வாடகை என்ற சொல்லை அவள் காதில் போட முடியாது. சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்து வரைய வந்த சென்னை டிராயிங் மாஸ்டர் ஒருவர் நான்கு நாள் தங்கிவிட்டு, பத்து ரூபாய் நோட்டை விளக்கு மாடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அதைக் கண்டதும் இவள் ஓட்டமும் நடையுமாகப் போய், கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னல் வழியாக அதை அவர் மடியில் போட்டுவிட்டு வந்தாள்.

"வந்து தங்குனவங்ககிட்டக் காசு வாங்குறதுக்கு நாம என்ன கிளப்புக் கடையா வச்சிருக்கோம்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், நோட்டை நான்தான் வைத்தது போல.

டிராயிங் மாஸ்டர் சென்னைக்காரர், அத்தோடு விட்டுவிட்டார். எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படி விடமாட்டார்கள். கிளம்பும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறும். "ஒங்க வீட்டு விசேசத்துக்குச் சொல்லாம இருந்துறாதீங்க." இவளும் தலையை ஆட்டுவாள். யார், எந்த ஊர், எந்த மாதம் வந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பெரிய பெண்ணுக்கு ஏழு, சின்னவளுக்கு ஐந்து வயதானபோது இருவருக்கும் சேர்த்துக் காதுகுத்து வைத்தோம். தங்கிப் போன அத்தனை குடும்பத்துக்கும் அவள் சொல்லியனுப்பினாள். அத்தனை குடும்பமும் வந்தது. அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அதற்கும் அப்பால் கட்டுமாவடியிலிருந்து, வேன் வைத்துக்கொண்டு, கருவாட்டுக் கூடையோடு வந்தார்கள். வந்தவர்கள் மொய் எழுதினார்கள். சாதாரண மொய் அல்ல. நெருங்கிய சொந்தம் செய்கிற அளவுக்கு, சிலர் அதற்கும் மேலே. மொய் வாங்குகிறவர் ஊரையும் பேரையும் தொகையையும் உரக்கச் சொல்லச் சொல்ல, பந்தலில் என் சக குமாஸ்தாக்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் பித்தளைக் குடத்தில் கிடந்த பணம் என் ஒரு வருஷச் சம்பளத்தைத் தாண்டியது.

மொய் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒருவர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் விடுதி நடத்துகிறவர். அவர் எழுதிய மொய் ஒரு ரூபாய். கேட்ட மொய்தான் நிறைய.

"கிளார்க் ஐயா, ஒங்களுக்குக் கடற்கரை முழுக்கச் சொந்தம் இருக்கும் போலயே?" என்றார்.

"சொந்தந்தாங்க" என்றாள் என் மனைவி.

"எந்த வழியில ஆத்தா?"

"எங்க வீட்ல வந்து தங்குன வழியில."

அவர் சிரித்தார். "நல்ல வழிதான். என் மாடியில தங்குறவன் போகும்போது பல்பைக் கழட்டிக்கிட்டுப் போறான். ஒங்க வீட்ல தங்குனவன் குடத்தை ரொப்பிட்டுப் போறான்."

பிறகு வருமான வரி ஆபீசுக்கு என்மேல் போன மொட்டை மனுவை எழுதியது அவர்தான் என்று நான் சொல்லவில்லை. மொட்டை மனுவுக்குக் கையெழுத்து கிடையாது. அதுதான் அதன் இலக்கணம்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை, தாசில்தார் பார்த்து அனுப்பிய தபால் கட்டில் அது வந்தது. எங்கள் தாசில்தார் தபால்களைத் தாமே பிரிப்பார். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பென்சிலால் தேதியும் சுருக்கொப்பமும் போட்டபின் பிரிவுகளுக்கு அனுப்புவார். வருமான வரி ஆபீசிலிருந்து, பிரிவு 22, உட்பிரிவு 2இன்படி நோட்டீஸ். முப்பது நாளுக்குள் வருமானக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். விலாசம் இப்படி இருந்தது: என் பெயர், அதன் கீழே 'லாட்ஜிங் ஹவுஸ் உரிமையாளர்', அதன் கீழே 'தாலுகா ஆபீஸ், புதுக்கோட்டை'. அந்த நடு வரியின் மேலேயே சிவப்புப் பென்சில் சுருக்கொப்பம் விழுந்திருந்தது.

தாசில்தார் பார்த்துவிட்டார். ஆனால் கூப்பிடவில்லை. அன்றும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை. மேலதிகாரி திட்டினால் அதற்கு ஒரு முடிவு உண்டு. அவர் ஒன்றும் சொல்லாமல் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததற்கு முடிவே தெரியவில்லை. அவருடைய மணிச்சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். மணி வேறு யாருக்காவது இருக்கும்.

அந்த நாட்களில் விதிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துப் பார்த்து என்னை நானே இறுக்கிக்கொண்டேன். மொய் எழுதியவர்கள் உறவினர் என்றால் தப்பித்தேன். விசேஷத்தில் உறவினர் செய்வதை ஊழியர் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் உறவினர் அல்லர். சாதிகூட வேறு. உறவினர் இல்லை என்றால், அந்நியர்களிடம் இவ்வளவு பணம் எதற்கு வாங்கினாய் என்பது அடுத்த கேள்வி. தங்கியதற்கு என்றால் வாடகை. வாடகை என்றால் வருமான வரி. வரியைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றாலோ, கட்டுவதே தொழில் நடத்தியதற்கு ஒப்புதல். வரிக்காரருக்குச் சொல்லக்கூடிய நல்ல பதில் எதுவும் தாசில்தாரிடம் நல்ல பதிலாக இல்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மணி எனக்கே அடித்தது.

"உக்காரும்யா" என்றார் தாசில்தார். நான் உட்காரவில்லை. "நீர் ரூல் படிச்ச ஆளு. உமக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. காதுகுத்துல மொய் வாங்காத குமாஸ்தா எந்தத் தாலுகாவுல இருக்கான்? அதை நான் பாத்துக்கறேன். ஆனா அவங்க அதை வாடகைன்னு எழுதி எனக்கு ஒரு காப்பி அனுப்பிட்டாங்கன்னு வையும், அன்னிக்கே உமக்கு மெமோ கொடுத்துக் கலெக்டருக்கு எழுதணும். என் பேனாவால உம்ம வேலைய எடுக்க வச்சிராதீர்."

"இல்லைங்க ஐயா."

"பதில் வரட்டும். அது வரைக்கும் நான் எதையும் பாக்கல."

இதைவிட இரக்கமாக ஒரு தாசில்தார் பேசியதில்லை. வெளியே வந்து தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்று மறந்து நின்றேன்.

வருமான வரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முகூர்த்தத்துக்கு முந்தின நாள். முன்கட்டில் ஒரு கல்யாணக் கூட்டம் இறங்கியிருந்தது. கூடவே, அந்தப் பெண்வீட்டாருக்கு வேண்டியவர் என்று கட்டுமாவடிக்காரரும் வந்திருந்தார். கருவாட்டு வியாபாரி; படகுகளும் உண்டு. தம் மகனின் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பு எங்கள் வீட்டில் தங்கியவர். காதுகுத்தில் எல்லோருக்கும் மேலே எழுதியவரும் அவர்தான்.

கிணற்றடியில் பாத்திரம் கழுவுகிறவர்களையும் கூடத்தில் படுத்திருப்பவர்களையும் இன்ஸ்பெக்டர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டார்.

"இவங்கள்லாம் யாரும்மா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு வந்தவங்க."

"எவ்வளவு குடுப்பாங்க?"

"இவங்ககிட்டப் போயி வாங்குவாங்களா? ஒங்க வீட்டுக்கு ஆளு வந்தா வாங்குவீங்களா சார்?"

"அப்ப காதுகுத்துல மட்டும் அவ்வளவு எழுதியிருக்காங்களே?"

வாயைத் திறக்காதே என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள். "சும்மா தங்கிட்டுப் போனா அவங்களுக்கு மனசு கேக்குமா? எப்படா நம்ம வீட்ல விசேசம் வரும், செய்யலாம்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. வந்துச்சு, செஞ்சாங்க."

இன்ஸ்பெக்டரின் பேனா வேகமாக ஓடியது. தங்கியதற்காகக் கொடுத்தார்கள் என்று என் மனைவியே வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். இதைவிடச் சுருக்கமாக வாடகைக்கு எந்தச் சட்டப் புத்தகமும் விளக்கம் எழுதியதில்லை.

கேட்டுக்கொண்டிருந்த கட்டுமாவடிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இங்கிட்டு வந்தார். "என்னங்க வாடகை அது இதுன்னு? இது எங்க தங்கச்சி வீடு."

"உங்க தங்கச்சியா? பேர் என்ன?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி அவரைப் பார்த்தாள். மூன்று வருஷமாகத் தங்கச்சி. பெயர் கேட்கிற சந்தர்ப்பம் வரவில்லை.

"தங்கச்சின்னா தங்கச்சிதான்" என்றார் அவர். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

திருச்சி ஆபீசில் ஆஜராகச் சொல்லி உத்தரவு வந்தது. சொந்த வேலை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அங்கிருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். மரியாதை எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டியது, அதனால் அது வரவே அல்ல என்று நான் எழுதிக்கொண்டு போயிருந்ததைப் பொறுமையாகப் படித்தார்.

"திருப்பிச் செய்யணும்னு சொல்றீங்க. செஞ்சதுக்கு ஆதாரம் இருக்கா?"

"இனிமேல் செய்வதற்கு ஆதாரம் வைத்துக்கொள்கிறேன்" என்றேன்.

அதுதான் என்னைப் பைத்தியக்காரன் ஆக்கியது. அதுவரை மொய் செய்யப் போவதற்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தவன், எந்தப் பத்திரிகை வந்தாலும் முதல் ஆளாகக் கிளம்பினேன். குடத்துப் பணத்திலிருந்து எடுத்து, வாங்கியதற்கு மேல் ஒன்று சேர்த்து வைத்துக் கொடுப்பாள் மனைவி. கட்டுமாவடியில் அந்தக் கருவாட்டு வியாபாரியின் இளைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. வெற்றிலைத் தட்டில் பணத்தை வைத்தேன். மொய் எழுதுகிறவர் ஊரையும் பேரையும் சொல்லி எழுதினார். நான் நகரவில்லை.

"என்னங்க?"

"ஒரு ரசீது வேண்டும்" என்றேன். தயாராகக் கொண்டுபோயிருந்த ரெவின்யூ ஸ்டாம்பையும் எடுத்து வைத்தேன்.

அவர் ஸ்டாம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார். "அடேய், மொய்க்கு ரசீது கேக்குறாரு டோய்!"

பந்தல் சிரித்தது. "பந்திச் சாப்பாட்டுக்கு டிக்கெட் எங்க குடுக்குறாங்கன்னு கேளுங்க" என்று யாரோ சொன்னார்கள். "பொண்ணுக்குப் பட்டா வேணுமான்னு கேளுடா" என்றார் இன்னொருவர். சிரிக்காதவர் பெண்ணின் தகப்பனார் மட்டும். தட்டிலிருந்த பணத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"மாப்ள, ரசீது கேட்டா அது கடன். நான் எங்க தங்கச்சிக்குக் கடன் குடுக்கல. எடுத்துக்கிட்டுப் போங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

எழுதியதை அடிக்கச் சொன்னார். என் பெயரின் மேல் கோடு விழுவதை நின்று பார்த்தேன். திரும்பச் செய்ய வேண்டியது என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரும்பச் செய்யப் போனால் வாங்க மாட்டேன் என்கிறார்கள். என் கட்சியின் ஒரே காலும் ஒடிந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் என்ன வைத்தார்கள் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளே பெரியவளைக் கூட்டிக்கொண்டு, ஒரு புடவையும் வாங்கிக்கொண்டு கட்டுமாவடிக்கு பஸ் ஏறினாள். பணத்தை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், அவள் பெயரில். இப்போது கேட்டு எழுதிக்கொண்டார்களாம்.

நான் மூச்சு விட்டது ஒரு வாரம்கூட இராது. கட்டுமாவடிப் பக்கமிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "கருவாட்டு அண்ணாச்சி திருச்சிக்குப் போயி ஒங்க கேஸுக்குச் சாட்சி சொல்லிட்டு வந்துட்டாரே, தெரியாதா?"

யாரும் அழைக்காமல் போயிருக்கிறார். நானே சாட்சியைத் தயார் செய்து அனுப்பியதாகத்தான் எந்த அதிகாரியும் நினைப்பார். அது தனிக் குற்றம். சத்தியப்பிரமாணம் செய்வித்து வாக்குமூலம் வாங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, பிரிவு 37. கோபக்காரர், படிக்காதவர், தங்கச்சியின் பெயரைப் போன வாரம்தான் தெரிந்துகொண்டவர். அங்கே என்ன சொல்லி வைத்தாரோ? ஆள் அனுப்பிக் கேட்கலாம் என்றால் அது சாட்சியைக் கலைப்பது. கேட்காமல் இருந்தேன். வைகாசி போயிற்று, ஆனி, ஆடி போயிற்று. தினமும் காலையில் தபால் பை தாசில்தார் அறைக்குள் போகும். அது வெளியே வரும் வரை எதிரே இருந்த கோப்பில் ஒரு வரியும் எனக்குப் புரியாது. வீட்டில் பெண்கள் புதுத் தோட்டை ஆட்டி ஆட்டிக் காட்டுவார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

ஆவணியில் மணி அடித்தது.

தாசில்தார் காகிதத்தை நீட்டினார். "படியும். எனக்கே படிச்சுக் காட்டும்."

படித்தேன். இலக்கத்தையும் தேதியையும் தாண்டவில்லை, அவரே வாங்கிப் படித்தார். வாடகை கொடுத்ததாகச் சொல்லப்படும் சாட்சி தாமாகவே ஆஜராகி, தமக்கும் இவருக்கும் வாடகைப் பேச்சே இருந்ததில்லை என்றும், இவர் தம் வீட்டுக் கல்யாணத்தில் பணம் வைத்துவிட்டுத் தம்மிடம் ரசீது கேட்டு ஊர் சிரிக்க அவமானப்படுத்தினார் என்றும், வாடகை வாங்குகிறவன் ரசீது கொடுப்பானே தவிரக் கேட்க மாட்டான் என்றும் பிரமாணத்தின் மேல் சொல்லியிருக்கிறார். அதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை. விடுதி நடத்தியதாகச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. நடவடிக்கை கைவிடப்படுகிறது.

"ரசீதா கேட்டீர்?" என்றார் தாசில்தார்.

"ஆமாங்க ஐயா."

"ஸ்டாம்போடயா?"

"ஆமாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் நெடுநேரம் துடைத்துக்கொண்டார். பிறகு ஓரத்தில் 'கோப்பில் வைக்க' என்று எழுதி என்னிடம் கொடுத்தார். மெமோ இல்லை. கலெக்டருக்குக் கடிதம் இல்லை. நான் அந்தத் தாலுகா ஆபீசின் குமாஸ்தா; நாளைக்கும் குமாஸ்தாதான்.

முடித்த கணக்கை மறுபடி திறக்கப் பிரிவு 34 இருக்கிறது என்பது, வாசற்படியைத் தாண்டும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் மனைவியிடம் அதை மட்டும் சொல்லவில்லை. முன்கட்டில் யாரோ விறகு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

தாசில்தார் அந்தக் காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் போட்டிருந்த தேதி: 1958, செப்டம்பர் 10, புதன்கிழமை.